தோட்டத்தில் பெரிய மீன் தொட்டி: கல் வாங்குமுன் தண்ணீர்க் கணக்கு

சின்னாளப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சுங்குடிச் சேலையும் கைத்தறியும்தான். ஆனால் ஊரை விட்டு இரண்டு கல் தொலைவு நடந்தால் தென்னந்தோப்பு, காய்கறித் தோட்டம், சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் என்று காட்சி மாறிவிடும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு கிணற்றை நம்பிப் பிழைக்கும் சம்சாரிகள் இங்கு அதிகம். இவர்களுக்கு உபதொழில் என்றால் கறவை மாடு, ஆடு, நாட்டுக்கோழி என்பதே வழக்கம். பம்ப்செட் பக்கத்தில் நாலு சென்ட் நிழலும், ஓரளவு நல்ல தண்ணீரும் இருந்தால் வண்ண மீனும் இந்த வரிசையில் சேரக்கூடியதே.

வண்ண மீன் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மெரினா கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. பின்னாளில் சென்னையின் கொளத்தூர் வட்டாரம் வண்ண மீன் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. அங்கே வீட்டுக் கொல்லையிலும் காலி மனையிலும் சிமெண்ட் தொட்டிகளை வரிசையாகக் கட்டி, குடும்பத்தோடு மீன் வளர்த்துப் பிழைப்பவர்கள் ஏராளம். கொளத்தூர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து அதே அளவில், அதே மீனை வைத்து இங்கே கட்டினால் சரியாக வருமா என்பதுதான் கேள்வி. வராமல் போவதற்கு முதல் காரணம் தொட்டியாக இராது. தண்ணீராகவே இருக்கும். ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் கிணற்றைக் கவனிக்க வேண்டும்.

கிணறு சொல்லும் சேதி

திண்டுக்கல் சமவெளி பாறைப் பூமி. கிணற்றுக்குக் கிணறு, ஏன், ஒரே தோட்டத்தில் திறந்த கிணற்றுக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும்கூடத் தண்ணீரின் குணம் வேறுபடும். சோப்பு நுரைக்காத தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர் என்று வீட்டுப் பெண்கள் சொல்வதே முதல் பரிசோதனை. அப்படிப்பட்ட தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் மிகுதி என்று பொருள். அது மீனுக்கு ஆகாத தண்ணீர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எனப்படும் குட்டி போடும் மீன்கள் கடினமான தண்ணீரில் நன்றாகவே வளரும். மோலி சற்று உப்புக் கரிக்கும் தண்ணீரைக்கூடத் தாங்கும். அதற்கு மாறாக, டெட்ரா இனங்களும் டிஸ்கஸ் மீனும் மென்மையான தண்ணீரைக் கேட்பவை. அவை உயிரோடு இருந்தாலும் கடினத் தண்ணீரில் முட்டை பொரிப்பது அரிது. கடைக்காரர் காட்டும் அழகைப் பார்த்து மீனை வாங்காமல், தன் கிணறு எதற்கு ஏற்றது என்று தெரிந்து வாங்குபவரே நஷ்டப்படாதவர்.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டது ஊரறிந்த செய்தி. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் வழங்கிய தீர்ப்பில், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் கெட்டிருந்ததாக ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு குறிப்பிடப்பட்டது. சாயம் போடும் இடத்தை ஒட்டிய கிணறுகளிலும் இதே சந்தேகம் வேண்டும். பயிர் தாங்குகிறதே, மீன் தாங்காதா என்று எண்ணக் கூடாது. பயிருக்கு மண் நடுவில் நின்று கொஞ்சம் காப்பாற்றும். மீனோ அந்தத் தண்ணீரையே சுவாசிக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவையும் காரத் தன்மையையும் தெரிந்துகொள்வதற்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை சிமெண்டின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. காரத் தன்மை 6.5 முதல் 8.5 வரை இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும்.

ஆழ்குழாய்த் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. அதை நேராக மீன் மேல் விடாமல், மேலிருந்து அருவிபோல் விழச் செய்து, ஒரு நாள் வேறு தொட்டியில் நிறுத்தி வைத்துப் பிறகு விட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீருக்கும் இந்தக் காத்திருப்பு அவசியம்.

இரண்டாயிரம் லிட்டரின் எடை

இனித் தொட்டிக்கு வரலாம். உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணீரின் உயரம் இரண்டே கால் அடி என்று வைத்துக்கொள்வோம். 72 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 2,000 லிட்டர் பிடிக்கும். அதாவது இரண்டு டன் தண்ணீர். கல்லும் காரையும் இதில் சேரவில்லை.

இந்தத் தொட்டியின் தரையில் ஒவ்வொரு சதுர அடியும் 64 கிலோ தண்ணீரைச் சுமக்கும். வீட்டு மாடித் தளங்களில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 19 கிலோ என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுகிறார்கள். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். மொட்டை மாடியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே கட்ட நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுவது நல்லது. தொட்டி கெட்டித் தரையிலேதான் அமைய வேண்டும். புதிதாக மண் கொட்டி மேடாக்கிய இடமும் ஆகாது. ஒரு மூலை அரை அங்குலம் அமுங்கினாலும் சுவர் விரிசல் விடும்.

பக்கச் சுவரில் விழும் அழுத்தத்தை மறந்துவிடுபவர்கள் பலர். மேற்படித் தொட்டியின் 8 அடி நீளச் சுவரை இரண்டே கால் அடித் தண்ணீர் சுமார் 570 கிலோ பலத்தோடு வெளியே தள்ளும். தண்ணீரின் உயரத்தை இரட்டிப்பாக்கி நாலரை அடி ஆக்கினால் தள்ளும் பலம் இரண்டு மடங்காகாது. நான்கு மடங்காகிவிடும். தொட்டியின் அகலம் எவ்வளவு என்பதற்கும் இந்தத் தள்ளுதலுக்கும் சம்பந்தமில்லை. நாலு அடி அகலத் தொட்டியானாலும் நாற்பது அடி அகலக் குளமானாலும் சுவர் தாங்குவது உயரத்துக்கு ஏற்ற அழுத்தத்தையே. எனவே அதிகத் தண்ணீர் வேண்டுமானால் நீள அகலத்தைக் கூட்டலாம், உயரத்தைக் கூட்டக் கூடாது. மீனுக்கும் அதுவே நல்லது. மேற்பரப்பு அகலமாக இருந்தால்தான் காற்று நன்றாகக் கலக்கும்.

கட்டும் முறை

மேல் மண்ணை எடுத்துவிட்டு, தரையை நன்றாகத் திமிசு போட்டு, 10 அடிக்கு 6 அடி அளவில் 4 அங்குலக் கனத்துக்கு ஜல்லிக் காங்கிரீட் போட வேண்டும். அதன்மேல் 9 அங்குலச் சுவர், இரண்டே முக்கால் அடி உயரம். மூன்று வரிசைக்கு ஒருமுறை சுவரைச் சுற்றி 6 மில்லிமீட்டர் கம்பி இரண்டு ஓடவிட்டு, மூலைகளில் மடக்கிக் கட்டினால் சுவர் வெளியே விரியாது. இதற்கு 700 முதல் 750 செங்கல்லும், தரை, சுவர், பூச்சு எல்லாம் சேர்த்து 8 முதல் 9 மூட்டை சிமெண்டும் பிடிக்கும். இன்றைய விலையைத் தங்கள் ஊர்க் கடையில் கேட்டு இத்துடன் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். செங்கல்லைக் கட்டுமுன் தண்ணீரில் ஊறப்போடாமல் வைத்தால் அது காரையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சுவர் கட்டிய மாதிரி இருக்கும், பிடிப்பு இராது.

உள்பூச்சில் சிக்கனம் கூடாது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல். சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கூராக விடாமல் கைப்பிடி அகலத்துக்கு வளைவாக உருட்டிவிட வேண்டும். கசிவு தொடங்குவதும் அழுக்கு தங்குவதும் அந்த மூலையில்தான். தரை ஒரு பக்கமாக 2 அங்குலம் சாய்ந்திருக்கட்டும். தாழ்ந்த மூலையில் வடிகுழாய்.

இந்த வடிகுழாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தரையில் வைத்த குழாயின் வாயில் இரண்டே கால் அடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகச் செருகி வைத்தால், தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் ஏறாது. மழை பெய்தாலும் பம்ப்செட்டை நிறுத்த மறந்தாலும் தொட்டி வழியாது. தொட்டியைக் காலி செய்ய அந்தக் குழாயைப் பிடுங்கினால் போதும், வால்வு தேவையில்லை. இதிலேயே ஒரு சிறு உபாயம் சேர்த்தால் பெரிய பயன் உண்டு. நின்ற குழாயைச் சுற்றி அதைவிடப் பருமனான, தண்ணீர் மட்டத்துக்கு மேல் நிற்கும் இன்னொரு குழாயை வைத்து, அதன் அடிப்பக்கத்தில் மட்டும் சில வெட்டுகள் போட வேண்டும். புதுத் தண்ணீர் விடும்போது வெளியேறுவது மேல்தண்ணீராக இல்லாமல், கழிவு தங்கிய அடித்தண்ணீராக இருக்கும். வெட்டுகளுக்குக் கொசுவலை கட்ட மறந்தால் குஞ்சுகளும் கூடவே போய்விடும்.

மீனைப் பக்கவாட்டில் பார்க்க விரும்புபவர்கள், வாங்க வருபவர்களுக்குக் காட்ட நினைப்பவர்கள், நீளச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைக்கலாம். முழுச் சுவரையும் கண்ணாடியாக்கும் ஆசை வேண்டாம். 3 அடி நீளம், ஒன்றரை அடி உயரம், தரையிலிருந்து அரையடி மேலே என்ற அளவே போதும். ஜன்னலைச் சுற்றிக் கம்பி போட்ட காங்கிரீட் சட்டம் அவசியம். 12 மில்லிமீட்டர் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை வெளிப்பக்கத்திலிருந்து ஒட்டக் கூடாது. உள்பக்கத்தில் சட்டத்தின் மேல் படியும்படி வைத்தால் தண்ணீரே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியே ஒட்டியதைத் தண்ணீர் பிய்த்துத் தள்ளும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நாள் ராத்திரியில் தெரிந்துவிடும். ஒட்டுவதற்குச் சிலிக்கான் பசை வாங்கும்போது, குளியலறைக்கென்று பூஞ்சணக் கொல்லி கலந்து விற்பதை வாங்கிவிடக் கூடாது. அது மீனைக் கொல்லும். பச்சைக் காரையின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. சட்டம் நன்றாகக் காய்ந்த பின் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற எபாக்ஸி பூச்சு இரண்டு தரம் அடித்து, அதுவும் காய்ந்த பிறகு ஒட்டி, ஒரு வாரம் தண்ணீர் படாமல் விட வேண்டும்.

பெரிய தொட்டி ஒன்று மட்டும் இருந்தால் தொழில் நடவாது. புதிதாக வாங்கிய மீனைத் தனியே வைத்துப் பார்க்கவும், நோய்ப்பட்டதை ஒதுக்கவும், குஞ்சு வைக்கவும் சிறு தொட்டிகள் தேவை. இதற்கு உறைக்கிணற்று உறைகளே மலிவான வழி. 4 அடி விட்டமுள்ள, ஓரடி உயர உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடியில் காங்கிரீட் போட்டு இணைப்பைப் பூசிவிட்டால் 700 லிட்டர் பிடிக்கும். வட்ட வடிவமானதால் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும்.

அவசரம் கூடாத இடம்

பூச்சு முடிந்தபின் பத்து நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முதல் நாள் ஓரடி, மறுநாள் முழு அளவு என்று தண்ணீர் கட்டலாம். தண்ணீர் குறைகிறதே, கசிவா அல்லது வெயிலில் போகிறதா என்று சந்தேகம் வந்தால், தொட்டிப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து இரண்டிலும் கோடு போட்டு மறுநாள் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில். தொட்டியில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு.

புதுச் சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காரத்தில் மீனின் செவுள் வெந்துபோகும். ஆகவே வாழை மட்டையையோ வைக்கோலையோ போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு வடிப்பது, மறுபடி நிரப்புவது என்று மூன்று முறையாவது செய்ய வேண்டும். கட்டி முடித்த மறுவாரமே மீன் விட்டுவிட்டு, 'எங்கள் தண்ணீருக்கு மீன் ராசியில்லை' என்று சொல்பவர்கள் இந்த மூன்று வாரத்தைத்தான் தாண்டிக் குதித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு காத்திருப்பு உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து கப்பி அல்லது மோலி மட்டும் விட்டு, தீவனத்தையும் குறைத்தே போட வேண்டும். காரத் தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் அதிகம் என்பதால் நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு இந்த நிதானம் இன்னும் தேவை. ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே ஒரு வேளைத் தீவனம். வேலம்பாசி போட்டு வைத்தால் குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கும். இல்லாவிட்டால் பெற்ற மீனே தின்றுவிடும். ஒரு தாய்க் கப்பி மாதத்துக்கு ஒருமுறை 20 முதல் 50 குஞ்சுகள் வரை போடும்.

தண்ணீர் தோட்டத்துக்கே

வாரத்துக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். இந்தத் தொட்டிக்கு அது 500 லிட்டர். கோடையில் கிணறு வற்றும் ஊரில் இது வீண் செலவல்லவா என்று கேட்கலாம். தொட்டியை வாய்க்காலுக்கு மேட்டில், தென்னைக்கோ மல்லிகைக்கோ தண்ணீர் போகும் வழியில் அமைத்துவிட்டால் கேள்வியே எழாது. 500 லிட்டர் என்பது ஏழெட்டுத் தென்னைக்குக் கோடையில் சொட்டு நீரில் ஒரு நாள் பாய்ச்சும் அளவு. எப்படியும் பாயப் போகிற தண்ணீர் வழியில் தொட்டியில் தங்கிப் போகிறது, அவ்வளவுதான். மீன் கழிவில் உள்ள நைட்ரேட்டும் பயிருக்குச் சேரும். அதற்காக உரமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் பக்கத்தில் பலரும் செய்யும் தவறு, ஆவியாகிப் போன தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புவது. கோடையில் இந்தத் தொட்டியில் நாளொன்றுக்கு 20 லிட்டர் அளவு வெயிலில் போகும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். ஊற்ற ஊற்ற மேலும் உப்பு சேரும். மாசியில் நன்றாக இருந்த தொட்டியில் வைகாசியில் மீன் சோர்ந்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வடித்துவிட்டு ஊற்றுவதே மாற்றுவது.

வெயிலைப் பொறுத்தவரை கீற்றுக் கொட்டகை ஒன்று கட்டாயம். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் தங்கும் பிராணவாயு குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் வாயு, 35 டிகிரியில் 7 மில்லிகிராமாக இறங்கிவிடும். மீனுக்கோ சூட்டில் மூச்சு கூடுதலாக வாங்கும். காற்றுப் பம்பு வைத்திருப்பவர்கள் மின்சாரம் நின்றால் செம்பில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றியே ஓரிரு மணி நேரம் சமாளிக்கலாம்.

திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம் மீனுக்கு நஞ்சு. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் அதைவிடக் கொடியவை. மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்தடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தொட்டியை மூடிவிட வேண்டும். தெளிப்பானைக் கழுவும் இடம் தொட்டிக்கு எட்டாத தொலைவில் இருக்கட்டும். மருந்துக் கை படிந்த வாளியை மீனுக்குப் பயன்படுத்தவே கூடாது.

விற்பனை வழியை மீன் விடுமுன்பே பேசி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். திண்டுக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, மதுரை ஒரு மணி நேரப் பயணம். கடைக்காரர்கள் கேட்பது ஒரே அளவு, ஒரே நிறம் உள்ள மீன். நாலு நிறக் கப்பியை ஒரே தொட்டியில் கலந்து வளர்த்தால் இரண்டு தலைமுறையில் எல்லாம் கலப்பாகி விலை போகாது. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பிரதமர் மீன்வளத் திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு மதிப்பிட்டு, அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதன்பின் கல் இறக்குவதே முறை. மானியத்தை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு அலைவது கூடாது.

விற்காத மீனை, சலித்துப்போன மீனைக் கண்மாயிலோ கிணற்றிலோ விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தொட்டி துடைக்கும் மீன் என்று கடையில் விற்கும் அமேசான் நாட்டு மீன் இப்படித்தான் சென்னைப் பக்கத்து ஏரிகளில் பெருகியது. முள்ளும் ஓடுமாக இருக்கும் அது வலையைக் கிழிக்கும், விலையும் போகாது. வடிகுழாய்த் தண்ணீரை வாய்க்காலில் விடுபவர்கள், குழாய் வாயில் ஒரு வலையும், அதற்கு அப்பால் மணல் நிரப்பிய சிறு குழியும் வைத்துவிட்டால் மீனோ குஞ்சோ கண்மாய்க்குப் போகாது.

தண்ணீர்ப் பரிசோதனை பற்றியும் மீன் வளர்ப்புப் பயிற்சி பற்றியும் சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீராலேயே இரண்டு முறை கழுவி, பம்ப்செட் கால் மணி நேரம் ஓடிய பிறகு பிடித்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.